என் வாசலில் மட்டும் வீசிய காற்று

மாமா,

இன்று காலை என் வாசல் தூணின் அடியில் மெழுகு சிந்தியிருந்தது. வழக்கம்போல் பழைய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு சுரண்டப் போனேன். குந்தி உட்கார்ந்து கத்தி முனையை வைத்தபோது கருகிய திரியின் வாசனை எழுந்தது. உங்கள் சட்டைப் பையில் பீடி நெடியோடு கலந்து வரும் அதே வாசனை. சுரண்டாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் போன தை மாதமே போய்விட்டீர்கள். உங்களுக்குக் கடிதம் எழுதுவதில் பொருளில்லை என்பதும் தெரியும். ஆனால் நமக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. நேற்று மாலை அது முடிந்தது. எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் வழக்கை முடித்துவைப்பது முறையல்ல.

முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் என்னை மூப்பராக ஏற்படுத்த இருக்கிறார்கள். அன்று சபையார் முன்னால் நின்று நான் விசுவாச அறிக்கை சொல்ல வேண்டும். அதில் ஒரு வாக்கியம் வருகிறது: குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமே அன்று. புதிய வாக்கியம் அல்ல. கத்தோலிக்கக் கோயிலை விட்டு வந்த இந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு நானே எடுத்துச் சொன்னதுதான்; உங்கள் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன். உங்கள் அடக்கத்துக்குப் பிறகு அது தொண்டையில் நின்றுகொண்டிருக்கிறது. அதைச் சொல்ல முடியாதவன் சபையில் இருக்கக்கூடாது. சபையில் இருக்கக்கூடாதவன் கோயிலுக்குத் திரும்பியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்திருப்பவர்களை நான் மதித்ததில்லை.

நீங்கள் எனக்கு ஞானத்தகப்பன் ஆனதே ஒழுங்குப்படி நடந்ததன்று. அப்பா ஏற்பாடு செய்திருந்தவர் காரைக்காலிலிருந்து வர வேண்டியவர், பேருந்தைத் தவறவிட்டார். ஞானஸ்நானம் கொடுக்க வந்த சாமியார் அவசரப்பட்டார். திருவிழாக் கொடிமரத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த உங்களை, அப்பாவின் சிநேகிதர் தம்பி என்ற ஒரே தகுதியில், கையைக் கழுவச் சொல்லி உள்ளே இழுத்து வந்தார்கள். அப்போது உங்களுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்ததாம். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்ற கேள்விக்கு எனக்காக நீங்கள் பதில் சொன்னீர்கள். பிறகு உங்கள் கையில் கொடுத்த மெழுகுத்திரி கதவோரக் காற்றில் அணைந்தது. மற்றவர்கள் நகர்வதற்குள் நீங்கள் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்திவிட்டீர்கள். நீங்கள் பீடி குடிப்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான். கோயில் படியிலேயே கன்னத்தில் அறை விழுந்தது.

"உன்னால வாங்குன அறைடா அது," என்பீர்கள். "உனக்காக நான் சாத்தான வுட்டேன். நீ எனக்காக இன்னாத்தடா வுட்ட? ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருப்பியா?"

பிறகு நான் சபையில் சேர்ந்து, பாகூர் ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்று அழைக்காமலே வந்து ஏரிக்கரையில் நின்றீர்கள். சபையார் பாடி முடிக்கும்வரை பீடியைக் கொளுத்தாமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். மாற்றுடை கொண்டுவந்திருந்த நான் துண்டு கொண்டுவர மறந்திருந்தேன். ஈரம் சொட்டக் கரையேறியவனிடம் உங்கள் தோளில் கிடந்த துண்டை நீட்டினீர்கள்.

"நல்லா தொவட்டு. சளி புடிச்சிக்கப் போவுது."

வாங்கும்போதே சந்தேகப்பட்டேன். ஊருக்குப் போய்க் கதை சொல்ல வந்திருக்கிறாரா, என் மனத்தைக் கலைக்க வந்திருக்கிறாரா என்று. நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப நான் வுட்ட சாத்தான் இன்னாடா ஆவான்? வூட்டுக்குத் திரும்பி வந்துடுவானா?"

"அது செல்லாது மாமா. என்னை யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொன்னது நீங்க."

"நான் சொன்னா செல்லாதா? சரிடா. இதாவது செல்லுதான்னு பாத்துக்க."

நம் வழக்கு அதற்கடுத்த அக்டோபரில் தொடங்கியது. செபமாலை மாதம் முழுவதும் மாதா சொரூபம் மாலைதோறும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். நம் ஊரான உறுவையாற்றில், நம் தெருவில் கோயில்காரர் வீடுகள் விட்டுவிட்டுத்தான் இருக்கின்றன. பிலோமினா அக்கா வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போகும் மாலையில் என் வாசலைத் தாண்ட வேண்டும். கடைசி நாள் சொரூபம் கோயிலுக்குத் திரும்பும்போது மறுபடியும் தாண்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை. இரண்டு முறையும் ஊர்வலம் என் வாசலில் நிற்கும். நான் கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் திரைச்சீலை இடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். சுடர்களும் முணுமுணுப்பும் மட்டும் தெரியும். மறுநாள் காலை தூணடியில் மெழுகு இருக்கும். சுரண்டுவேன்.

கணக்குத் தணிக்கை என் தொழில். ஒரே பிழை ஒரே இடத்தில் ஆண்டுதோறும் வந்தால் அதைப் பிழை என்று நாங்கள் எழுதுவதில்லை. எனக்கு எதிராகத்தான் செபிக்கிறார்கள் என்று முடிவு செய்து, டீக்கடையில் உங்களை நேரடியாகக் கேட்டேன்.

"மாமா, என் வாசல்ல ஏன் நிக்கிறீங்க?"

"காத்துடா. முனை திரும்புனா கரும்புக் கொல்லையிலேர்ந்து அடிக்குது பாரு, அதுல திரி அணைஞ்சிடுது. உன் மதில் ஒசரம். அங்க நின்னு கொளுத்திக்கினு போறோம்." டீயை உறிஞ்சினீர்கள். "இன்னா, மதிலுக்கு வாடகை கேக்கச் சொன்னாங்களா உன் சபைல?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நம்பவில்லை. நம்பாததற்குச் சான்றும் என்னிடம் இல்லை.

உங்கள் அடக்கத்தன்று நான் கோயிலுக்குள் வரவில்லை; வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் அத்தை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "புள்ள இல்லாத மனுசன். நீதான் புள்ள. மொத மண்ணு நீ போடு," என்றார். போட்டேன். போடும்போது, இறந்தவருக்கு இளைப்பாறுதல் கேட்கும் பழைய செபத்தை என் வாய் தானாகச் சொல்லி முடித்திருந்தது. இறந்தவருக்காக வேண்டுவது எங்கள் சபையின் ஒழுங்குப்படி கூடாது. பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள்.

கேட்டிருக்கிறார்கள். சில நாளில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "பிரதர், நீங்க மூப்பரா வரணும்னு சபை விரும்புது," என்றார். இத்தனை ஆண்டு விரும்பாத சபை உங்கள் அடக்கம் முடிந்த கையோடு ஏன் விரும்புகிறது என்று நான் கேட்கவில்லை. அறிக்கையில் உள்ள அந்த வாக்கியம் பற்றி இழுத்தபோது, "ஒரு வார்த்தைதானே பிரதர்," என்றார். ஒரு வார்த்தைதானே என்கிறவர்களிடம் நான் எப்போதுமே எச்சரிக்கையாக இருப்பவன்.

மறுபக்கமும் வந்தது. சாமியார், "எப்ப வேணும்னாலும் வாங்க சார், கதவு தொறந்துதான் இருக்கு," என்றார். திறந்த கதவுக்குள் என்னென்ன விதிகள் என்று கேட்டேன். பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், திருமணத்தைக் கோயில் முறைப்படி ஒழுங்கு செய்ய வேண்டும் என்றார். ஏரியில் எடுத்ததை ஞானஸ்நானமாக எண்ண வேண்டியதில்லை என்றும் சொன்னார். அங்கே முதல் தண்ணீர் செல்லாது, இங்கே இரண்டாவது செல்லாது. ஏரியில் நான் அழுதது உண்மை. அதை யாரிடம் போய் ரத்து செய்வது? கோயில் குழுவில் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம். இப்பவே வந்துட்டா நல்லதுதான் சார்," என்றார். அந்தக் கையை எடுத்துவிட்டேன். என் மனைவி சபையில் பிறந்து வளர்ந்தவள். "உங்க முடிவு உங்களுது," என்றாள். அவள் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்ததையும் சந்தேகித்தேன். என்னையும் விட்டுவைக்கவில்லை. கல்லறையில் வாய் சொன்னது விசுவாசமா, சிறு வயதுப் பழக்கமா, ஐம்பது வயதின் பயமா? எந்தப் பதிலும் ஒப்புக்கொள்ளும்படி இல்லை.

இந்த நிலையில் இந்த அக்டோபர் வந்தது. பிலோமினா அக்கா வீட்டிலிருந்து சொரூபம் புறப்பட்ட மாலையில் வழக்கம்போல் விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன். ஊர்வலம் நிற்காமல் போய்விட்டது.

இருபது ஆண்டு நிற்காதே நிற்காதே என்று நினைத்தவன், நிற்காமல் போனதும் வெளியே ஓடிவந்து தெருமுனை வரைக்கும் பார்த்தேன். யார் சொல்லி நிற்காமல் போனார்கள்? கண்டுகொள்ளாமல் விட்டால் தானே வருவான் என்று திட்டமா? மறுநாள் தூணடி சுத்தமாக இருந்தது. பொறுக்க முடியாமல் பிலோமினா அக்காவிடம் கேட்டேன். செபமாலையை முன்னின்று சொல்பவர் அவர்தானே.

"இப்பல்லாம் பேட்டரி மெழுகுத்திரி தம்பி," என்றார் வாசலைப் பெருக்கியபடியே. "பசங்க வாங்கியாந்துட்டாங்க. அது எந்தக் காத்துக்கும் அணையாது. அப்பறம் எதுக்கு நிக்கணும்?"

காரணம் சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததாலேயே உறுத்தியது. போன ஆண்டு உங்கள் கடைசி அக்டோபர். அன்று மழை விட்டு, புழுங்கி, முருங்கை இலைகூட அசையாமல் இருந்தது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் நின்றீர்கள், மெழுகும் இருந்தது.

"போன வருஷம் காத்தே இல்லையே அக்கா."

அக்கா துடைப்பத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

"காத்து இல்லன்னா இன்னா? உங்க மாமாவுக்கு வாயி இல்லியா?"

எனக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினார். "உன் வூட்டாண்ட வந்ததும் திரிய அவரே ஊதிடுவாரு. அப்பறம் 'அடடா, காத்து, நில்லுங்கம்மா'ன்னுவாரு. ஒரு குச்சி கிழிப்பாரு, அணைஞ்சிடும். இன்னொண்ணு கிழிப்பாரு. அவரு கொளுத்தி முடிக்கிறதுக்குள்ள நாங்க உனக்காக செபமாலையில ஒரு பத்து மணி சொல்லி முடிச்சிருப்போம். தெருவுக்கே தெரியும். உனக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு. 'தெரிஞ்சா ரூல் பேசுவான்'னாரு."

மாமா, நீங்கள் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தபடி ஒரே குச்சியில் பீடி கொளுத்துகிறவர். புயல் நாளில் கொளுத்தியதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கை என் வாசலில் மட்டும் குச்சி குச்சியாக வீணாக்கியிருக்கிறது. சான்று கண்ணெதிரே இருந்தும் தணிக்கையாளன் தவறவிட்டேன். காற்றுக்காக நிற்கவில்லை என்ற என் சந்தேகம் சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் சரியென்று தெரிந்த அன்று எனக்கு வந்தது வெற்றி அல்ல, கோபம். செபத்துக்கு நடுவே ஏமாற்று வேலை. மாதாவை நடுத்தெருவில் நிறுத்திவைத்து ஒரு பொய். அதற்குத் தெருவே உடந்தை.

கோபம் இரண்டு நாள் இருந்தது. அது வடிந்தபோது அடியில் ஒன்று மிஞ்சியிருந்தது. எனக்காக நீங்கள் சொன்ன பதில் செல்லாது என்று ஏரிக்கரையில் வாதாடினேன். நீங்கள் மறுத்து வாதாடவே இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை என் வாசலுக்கு வந்து, அணைத்துக் கொளுத்திவிட்டுப் போனீர்கள். செல்லாத பதிலுக்கு ஒரு மனிதர் சாகும்வரை பொறுப்பேற்கமாட்டார். அந்தத் தண்ணீர் ஒன்றுமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை என்னால் சொல்ல முடியாது. ஏரியும் ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். அதற்குத் துண்டோடு வந்து நின்ற சாட்சி நீங்கள். இதைச் சாமியார் எந்த விதியில் அடக்குவார் என்பது அவர் பாடு.

நேற்று கடைசி நாள். சொரூபம் கோயிலுக்குத் திரும்பும் நேரத்தில், கடையில் வாங்கிவைத்திருந்த மெழுகுத்திரியைக் கொளுத்திக்கொண்டு வாசலில் போய் நின்றேன். முனை திரும்பி வந்தவர்கள் கையில் மஞ்சள் பேட்டரி விளக்குகள் ஒரே மாதிரி மின்னின. என்னைக் கண்டதும் செபச் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழுந்தது. ஒருவரும் நிற்கவில்லை. சொரூபம் என் தூணுக்கு நேராக வந்தது.

திரியை ஊதி அணைத்தேன்.

"காத்து," என்றேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த பிலோமினா அக்கா திரும்பினார். என் முகத்தையும் புகையும் திரியையும் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "ஆமாம்பா, இன்னிக்கு நல்ல காத்து," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நில்லுங்க எல்லாரும். தம்பி கொளுத்திக்கட்டும். ஒரு பத்து மணி சொல்லுவோம்."

நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் குச்சி கையிலேயே முறிந்தது. இரண்டாவது கிழியவில்லை. அத்தை பக்கத்தில் வந்து திரியைப் பிடித்துக்கொண்டார்.

இன்று மாலை பாஸ்டரை நேரில் பார்த்து, மூப்பர் பொறுப்பு வேண்டாம் என்பதையும் காரணத்தையும் சொல்லப்போகிறேன். அவர் என்னைச் சந்தேகிப்பார், கோயிலிலும் சிலர் சந்தேகிப்பார்கள், நானும் அவர்களைத்தான். அது எனக்குத் தீராது. நாளை கல்லறைத் திருநாள். அத்தை உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார், வருகிறேன். அதன் பிறகு பாவசங்கீர்த்தனம். முதலில் சொல்ல வேண்டியது நேற்றைய பொய்யை. ஆனால் சொல்லும் பாவத்துக்கு மனம் வருந்த வேண்டும் என்பது விதி. தேடிப் பார்த்துவிட்டேன், வருத்தம் இல்லை. இதற்கு என்ன வழி என்று சாமியாரைக் கேட்க வேண்டும்.

பீடி குடிக்காத என் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறது. எடுத்து வைக்க மனம் வரவில்லை.

நேற்று ஓர் இலைகூட அசையவில்லை, மாமா.