புறா போட்ட விரிப்புகள்

என் செல்ல மகனுக்கு அம்மாவின் அன்பு முத்தங்கள். கர்த்தர் தயவில் நன்றாயிருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உன்னைப்போலவே. இருமல் விட்டதா? போன தடவை பேசும்போது நெஞ்சு கரகரவென்றது. உன் அக்கா சுகம், அவள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

மாப்பிள்ளையோடு நான் பேசுவதில்லை என்று அக்கா உன்னிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். ஊழியத்துக்கு அவரைச் செயலாளராக்கியவளே நான்தான், கோபப்படவும் எனக்குத்தான் உரிமை. ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடப்பவர்களின் துணியைத் துவைத்துக்கொடுக்கத்தான் நானும் உன் அப்பாவும் இதை ஆரம்பித்தோம். பிரசங்கம் கிடையாது, கேட்டால் மட்டும் ஜெபம். துவைத்த விரிப்பை, வீட்டிலிருந்து வந்ததுபோல் மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு வரவேண்டும், அது அப்பா போட்ட சட்டம். இப்போது மாப்பிள்ளை புது விரிப்புகள் வாங்கி, நடுவில் ஊழியத்தின் பெயரையும் நீ வரைந்து அனுப்பிய புறாவையும் பெரிதாக அச்சடித்திருக்கிறார். புறா அழகுதான், கொஞ்சம் கொழுத்திருக்கிறது. போன வாரம் வார்டுக்குப் போனால், கால் முறிந்த ஒரு லாரி டிரைவர் அந்த விரிப்பைக் குப்புறப் போட்டு மேலே தன் துண்டையும் விரித்துப் படுத்திருக்கிறார். ஏன் தம்பி இப்படி என்றேன். "பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவங்க புறாவைப் பார்த்துட்டு, ஐயோ பாவம் இவருக்கு யாருமில்ல போலன்னு என் காதுபடவே சொல்றாங்கம்மா" என்றார். அப்பா பயந்தது இதற்குத்தானே.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "பேரு தெரிஞ்சாத்தானே அத்தை நாலு பேர் உதவிக்கு வருவாங்க" என்றார். அப்படியானால் உங்கள் சட்டை முதுகில் அடித்துக்கொண்டு நடங்கள், நோயாளி முதுகுக்குக் கீழே வேண்டாம் என்றேன். உன் அக்கா சிரித்துவிட்டாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இப்போது எனக்குக் கௌரவத் தலைவி பட்டமாம், மேடையில் நாற்காலியாம். வாயை அடைக்க நாற்காலி போதும் என்று நினைத்துவிட்டார்கள். நீயும் போனில், "வயசாச்சு, விட்டுக்கொடும்மா" என்றாயே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. என் காரியமென்றால் விட்டுக்கொடுப்பேன், அந்த டிரைவரின் மானத்தை விட்டுக்கொடுக்க நான் யார்?

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, எல்லா விரிப்புகளிலும் அச்சடிக்க முடிவெடுப்பார்கள். மாப்பிள்ளை கெட்டவரில்லை, நான் காய்ச்சலில் கிடந்தபோது தொட்டியில் இறங்கித் துணி மிதித்தவர் அவர்தான். உன் பேச்சைத் தட்டமாட்டார். நீ வரைந்து கொடுத்த புறா, நீயே திருப்பிக் கேள். நீ கேட்காவிட்டாலும் நான் பழைய விரிப்புகளை ஒட்டுப்போட்டுக் கொண்டுபோவேன், அதில் மாற்றமில்லை.

கர்த்தர் உன் கையைப் பிடித்தே வைத்திருக்கட்டும், உன் வேலையையும் வீட்டையும் நிறைவாக்கட்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. மாப்பிள்ளையிடம் பேசினாயா என்று நான் கேட்கமாட்டேன், திங்கட்கிழமை வார்டுக்குப் போய் விரிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

துவைக்கிற தொட்டியை விட்டு நகராத,
உன் அம்மா