ஒரு தேக்கரண்டிப் புகை

நவம்பர் 3, செவ்வாய்

மழை. கஞ்சி குடித்தேன், உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. என் புருஷன் இயன் என்னை விட்டு அவன் ஊரான ஐலா தீவுக்கே, அந்தப் பழைய சிநேகிதியிடமே போய் ஒரு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்கிறேன்.

'இரு கரை'யின் இந்த வருஷக் கலவை மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார் முதலாளி முர்டோ. முளைகட்டிய பார்லியில் வடிக்கிற எங்கள் ஸ்பே ஆற்று மால்ட்டும், புகை ஏற்றிய ஐலா மால்ட்டும் சேர்ந்த விஸ்கி. நான் இந்தக் கரை, அவன் அந்தக் கரை. எங்கள் கல்யாண விருந்துக்காக நான் கலந்தது. முர்டோ ஒரு வாய் குடித்தார், மறு வருஷமே கடைக்கு அனுப்பிவிட்டார்.

நவம்பர் 5, வியாழன்

மூக்கு வேலை செய்கிறது. தேன், பேரிக்காய், ஓக் மரம், எல்லாம் தெரிகிறது. அதனால் என்ன?

நவம்பர் 9, திங்கள்

ஒன்று தோன்றியது. இங்கே வடிசாலைக்காரர்கள் ஒரு பீப்பாயை வெளியாருக்கு விற்கும்போது, அதில் வேறொரு வடிசாலையின் மால்ட்டை ஒரே ஒரு தேக்கரண்டி ஊற்றிவிடுவார்கள். அதோடு அது கலப்பு மால்ட். வாங்கியவன் அவர்கள் பெயரைப் போட்டு விற்க முடியாது. சட்டத்துக்கு ஒரு கரண்டி போதும். அப்படியென்றால் 'இரு கரை'யில் இயன் ஊர்ப் புகைக்கும் ஒரு கரண்டி போதும்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஏல்சாவிடம் சொன்னேன். "ஏண்டி ரோனா, புருஷன்மேல இருக்கிற கோவத்த பீப்பாய்கிட்டயா காட்டுவ?"

கோபமே இல்லை என்றேன். பொய்யில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, செவ்வாய்

கலந்தேன். சுவைக் குறிப்பும் எழுதி, மாதிரிப் புட்டியோடு முர்டோவின் மேஜையில் வைத்தேன்.

நவம்பர் 13, வெள்ளி

முர்டோ மோந்தார், குறிப்பைப் படித்தார், திரும்ப மோந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசியில நீளமான புகைன்னு எழுதியிருக்கியேம்மா. எங்க இருக்கு?"

போன வருஷக் குறிப்பை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் மாறவில்லை. நானா? அடுத்தவன் குறிப்பைப் பார்த்து எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்கிற நானா?

மூக்கு இனி சரிப்படாது என்றால் சொல்லிவிடச் சொன்னார். எடின்பரோவிலிருந்து ஒருவரை வரவழைப்பாராம். 'இரு கரை' அவர் கைக்குப் போகும். அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? இந்த வீடும் மழையும்.

நவம்பர் 16, திங்கள்

ஏல்சாவிடம் புகைப் பீப்பாயைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் சேர்க்காமல் கோப்பையில் வாங்கி மூக்கை விட்டேன். நனைந்த கயிறு, மருந்துக் கட்டு, கடற்பாசி, கரி அடுப்பு— பின்வாசலில் தொங்குகிற அவன் கம்பளிச் சட்டை. தினமும் அதைத் தாண்டித்தானே போகிறேன். ஒரு மாதமா அது எனக்கு நாறவே இல்லையே. பாவி. சட்டையக்கூட எடுத்துட்டுப் போகத் தோணலையா உனக்கு?

பீப்பாய்மேல் சாய்ந்து அழுதேன். ஏல்சா கைக்குட்டையை நீட்டினாள். "நல்லா சிந்திட்டு நாளைக்கு வா. அழுத மூக்குக்கு எல்லாம் உப்பாத்தான் தெரியும்."

நவம்பர் 17, செவ்வாய்

ஒரு கரண்டிக் கலவையை மறுபடி மோந்தேன். வெறும் இனிப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நான் பேசுகிற பேச்சு மாதிரி இருக்கிறது. கொட்டிவிட்டேன்.

புகை வேண்டும். ஆனால் கல்யாணத்தன்று ஊற்றிய அளவு வேண்டாம். அன்றைக்கு அவன் மகிழட்டும் என்று தாராளமாக ஊற்றினேன். இப்போது என் மூக்கு சொல்கிற அளவு.

நவம்பர் 20, வெள்ளி

சட்டையைத் துவைத்துத் தபாலில் அனுப்பினேன்.

நவம்பர் 27, வெள்ளி

புதுக் கலவைக்கு முர்டோ கையெழுத்துப் போட்டார். எடின்பரோக்காரர் வரவில்லை. குறிப்பை இந்த முறை கோப்பையைப் பார்த்து எழுதினேன்:

முதலில் தேன், பேரிக்காய். நடுவில் உப்பு. புகை கடைசியில்தான் வருகிறது. கொஞ்ச நேரம் இருக்கிறது. போய்விடுகிறது.