லிகாயாவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

சிகாகோ, செப்டம்பர்

எஸ்தெலா அக்காவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம், கவலைப்படாதே.

செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணிக்கு, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் ஹால்வர்சன், அவருடைய செயலாளர் ஜோய்ஸ், என் பேத்தி லிகாயா, தரை துடைத்துக்கொண்டிருந்த நான்.

லிகாயாவின் படிப்பு முடிகிறது. அவளை ஓர் ஆஸ்பத்திரி பயிற்சி டாக்டராக எடுக்க, அவள் வேலையைப் பார்த்த மூன்று டாக்டர்கள் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதைப் பெரிய ஆளிடம் கேள் என்று நான்தான் அனுப்பினேன். அவரிடம் ஆறு வாரம் உழைத்தவள்தானே!

அவர் நிமிரவேயில்லை. "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தர்றேன். உன் பேரு என்ன?" என்றார்.

பிள்ளையின் முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும், "தினம் உன்னைத் திட்டுவாங்களே டாக்டர் அமாடி, அவங்ககிட்ட போடி" என்றேன்.

"ஐயோ பாட்டி, அந்தம்மா என்னைக் கிழிச்சிடுவாங்க!"

ஆனாலும் போனாள். "உன்னைக் கவனிச்சதாலதானே திட்டினேன்? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடறேன், போ" என்றாராம் அமாடி.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. உன் குரலையும் போனில் பதிந்து அனுப்பு, என்னைத் திட்டினாலும் சரி. சாப்பாட்டு நேரம் முடிந்தது, எழுந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டடத்தில் என்னை ரெமேதியோஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். இன்று காலையிலும் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. டாக்டர் ஹால்வர்சனை நான் மன்னிக்க மாட்டேன்.