சவர்க்காரப் போத்தல்

ஓகஸ்ட் 12, சனி

இன்று எங்கள் ஆலங்குடாக் கடற்கரைக் கடையில் ரொட்டிக்கல் அடுப்புக்குப் புது கேஸ் சிலிண்டர் பூட்டினேன்.

"சவுக்காரத் தண்ணி தடவிப் பாருங்க" என்றாள் மனைவி பரீதா.

"நீ பேசாம மாவைக் குழை." சாப்பிட வந்து கதிரைகளில் இருந்தவர்கள் கேட்கத்தான் அதட்டினேன்.

லைட்டரை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலிலிருந்து ரெகுலேட்டரில் ஊற்றினாள். குமிழிகள் பொங்கின; கேஸ் கசிந்துகொண்டிருந்தது. உடனே வால்வை மூடினாள்.

"ஏன், அடுப்பு மூட்டல்லயா?" என்றார் ஒருவர்.

"கேஸ் மணம் வந்திச்சு, அதான் மூடிட்டன்" என்றேன், கூசாமல்.

"ஓம், அவருக்கு நல்ல மூக்கு" என்றாள் பரீதா, மாவிலிருந்து தலை நிமிராமல்.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு எந்த மணமும் தெரிவதில்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் போத்தலை அவள் கடையில் வைத்ததே அதற்காகத்தான்.