தம்ளர்கள் கிணுகிணுக்காத வீடு

அன்புள்ள மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தேவலை, என் முழங்காலை மட்டும் விசாரிக்காதே. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன், போனில் நீ எதற்கும் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வாய்.

போன மாதம் பூமி ஆடினதில் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்பா சொன்னது பொய். உன் மாடி அறையின் தெருப்பக்கச் சுவர் தரையை விட்டு இரண்டு விரல் விலகி நிற்கிறது. பார்க்க வந்த இன்ஜினியர் உன்னைவிடச் சின்னப் பெண். தரைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்து, உத்திரமெல்லாம் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கு, பிடிப்பே இல்லை என்றாள். எனக்குப் புரியவில்லை என்றதும் தீப்பெட்டியை எடுத்து உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை விரலால் தள்ளினாள், சாய்ந்து படுத்துவிட்டது. தட்டைச் செருகித் தள்ளினாள், அசையவில்லை. செங்கல் சுவர் நாலும் தனித்தனி ஆளாம், ஆடும்போது அதுகளைச் சேர்த்துப் பிடிக்கத் தரை விறைப்பாக இருக்கணுமாம், நம் தரை பாய் மாதிரி நெளிந்து சுவரை வெளியே தள்ளுகிறதாம். பழைய பலகை மேல் குறுக்கே இன்னொரு வரிசை பலகை அடித்து, ஓரமெல்லாம் இரும்புப் பட்டையால் சுவரோடு கட்டணும் என்றாள். அதற்குக் கான்கிரீட்டே போடலாமே என்றார் அப்பா. வீட்டின் பக்கத்துப் பாதியில் உன் சித்தப்பா போட்ட கான்கிரீட் தரையைக் காட்டினாள். அத்தனை பாரமும் ஆடினால் இந்தக் கிழட்டுச் செங்கல் என்ன செய்யும், அங்கே மூலையில் கை நுழைகிற வெடிப்பு. பாகம் பிரித்தபோது நம் பாதியை மரப்பெட்டி என்று சிரித்த மனுஷன். நான் சந்தோஷப்படவில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

ஆனாலும் இரண்டு வாரம் பலகை வேலைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தேன். காரணம் அப்பாவுக்குத் தெரியாது. இன்ஜினியர் வந்த அன்றைக்குக் காலையில் தரை எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்க அந்தப் பெண் உன் அறையில் நடந்தாள். நான் கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுத்தன. நீ எழுந்து ஜன்னல் பக்கம் போகும்போது வருமே, அதே சத்தம், ஒன்பது வருஷம் கழித்து. "எழுந்துட்டியாடி" என்று கேட்டுவிட்டேன். "என்ன பாட்டி?" என்றாள் மேலிருந்து.

புதுப் பலகை அடித்தால் தம்ளர் ஆடுமா என்றேன். ஆடாது என்றாள். கட்டில் பக்கத்து நாலு பலகையை மட்டும் விட்டுவிடேன் என்று கேட்டுப் பார்த்தேன். "விட்ட இடத்துலதான் பாட்டி முதல்ல கிழியும்" என்றாள். போன வருஷம் டிக்கெட் வரை எடுத்துவிட்டு வராமல் போனாயே, அதை நான் மறக்கவில்லை, தேதி கேட்டாலும் சொல்வேன். ஆனால் வந்தால் குட்டி அந்தச் சுவரோரம்தானே படுப்பாள். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை தச்சர்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அப்பாவை மேலே நடக்கவிட்டேன். எருமை நடை, உன் சத்தம் வரவில்லை.

நீங்கள் இருக்கிற கட்டிடமும் பழசு என்றாய், அங்கே தரையைச் சுவரோடு கட்டியிருக்கிறதா என்று கேள், கூச்சப்படாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்கணும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனி நீ எழுந்தது எனக்குக் கீழே தெரியாது. வந்தால், கண் விழித்ததும் நீயே இறங்கி வந்து கூப்பிடு.

கீழேதான் இருப்பேன்,
அம்மா