நாலு அவைலபிள்

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்து சாரல். பாப்பா துணி ஒன்றும் காயவில்லை. இருமல் வேறு.

ஐந்தருவி லாட்ஜ்களிலிருந்து எங்கள் இன்டர்நெட் ஆபீசுக்குப் போன் மேல் போன். சாயங்காலமானால் நெட் இழுக்கிறதாம். புது நெட்வொர்க் கார்டு வாங்கச் சொன்னவள் நான். சர்வர் லாகைப் பார்த்தேன். கார்டை ஓட்டும் மென்பொருள், டிரைவர், ஏறும்போதே சொல்லியிருக்கிறது: மதர்போர்டுக்குப் போகும் வழியில் நாலு ஜிகாபிட் அவைலபிள், குறைப்பது கார்டைச் செருகியிருக்கும் இந்த சிலாட், கார்டால் முப்பத்தொன்று முடியும். கடைக்காரர் மாட்டிவிட்டுப் போன சிலாட். பார்க்கத்தான் நீளம், உள்ளே டேட்டா போக ஒரே ஒரு தடம். நல்ல சிலாட்டில் டிஸ்ப்ளே கார்டு, சும்மா.

முதலாளி அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"நாலு அவைலபிள்னு அதுவே சொல்லுதேம்மா. நாலு சும்மா கெடக்கும்போது எப்படி ஸ்லோ ஆவும்?"

அவருக்கு லாட்ஜும் உண்டு. வாசலில் 'ரூம் அவைலபிள்' போர்டு. லாகையும் அதே கண்ணால்தான் படிக்கிறார்.

"காலி ரூம் கணக்கு இல்ல அண்ணாச்சி. லாட்ஜ்ல மொத்தமே நாலு ரூம்தான்னு சொல்லுது. எத்தன ரொம்பிருக்குன்னு அது பாக்கவே பாக்காது."

"அப்போ கார்டு டூப்ளிகேட்."

ஜூலை 11, வெள்ளி

சாரல். சிலாட் மாற்ற விடிகாலையில் கால் மணி நேரம் கேட்டேன்.

"சீசன்ல நெட்ட நிப்பாட்டச் சொல்லுதியா? லாட்ஜ்காரன் எல்லாம் என் சட்டையப் பிடிப்பான். நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

வேலை போனால் தென்காசியில் தனியாக இருக்கக் காரணம் இல்லை. வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே. சிவகிரிக்கு, மாமனார் வீட்டுக்குத்தான். மூத்த ஓரகத்தி எம்.எஸ்சி. அந்த வீட்டுக்குப் போனதோடு வேலைக்கு முழுக்கு, அடுப்படிதான்.

வாங்க: இருமல் மருந்து, டயப்பர், தீப்பெட்டி.

இவர் போனில்: "நீ சொல்லுததுதான் சரி. ஆனா அண்ணாச்சிகிட்ட வாதாடாத." சரியாக இருந்து என்ன.

ஜூலை 12, சனி

அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வந்த கூட்டம் மொத்தமும் அறைக்குள், கையில் போனோடு. மதியமே நெட் படுத்துவிட்டது.

அண்ணாச்சி தானே சர்வரை நிறுத்தினார். வேறு கார்டு வாங்கி வந்திருந்தார். அதே சிலாட்.

"அண்ணாச்சி, நிப்பாட்டினதுதான் நிப்பாட்டிட்டிய, அந்த சிலாட்ல..."

"நீ பேசாம இரி."

டிரைவர் ஏறியது. அதே வரி, அதே நாலு.

"பாத்தியா, இதுவும் அவைலபிள்ங்குது!" முகமெல்லாம் சிரிப்பு.

சாயங்காலம் மறுபடி போன்கள். அண்ணாச்சி என்னிடம் மட்டும் கோபமே இல்லாத குரலில்: "பிள்ளைய வச்சிக்கிட்டு ஒனக்கும் செரமம்மா. திங்கக்கெழமையில இருந்து வரவேண்டாம்."

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. மடித்து நேரே பைக்குள்.

மாமனார் போன். "மாடில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. பிள்ளையத் தூக்கிட்டு வந்துரும்மா."

சரி மாமா என்றேன். இந்த அவைலபிளுக்குக் காலி என்றுதான் அர்த்தம்.