சித்தன் யார் காலிலும் விழவில்லை

சனி, ஆக. 2. பீளமேடு

காலை விமானம். இறங்கும்போதே சாரல். வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். ஆளுக்குச் சொல்ல வேண்டும். பல் டாக்டரை இந்த வாரமும் தள்ளிப்போட்டாயிற்று.

மதியம், தேர்தலுக்கு நிற்பதற்கு முன் நான் பொருளாதாரம் நடத்திய கல்லூரியில் பாராட்டு விழா. சால்வை, மாலை, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. பெரிய திரையில் என் பேச்சைப் போட்டார்கள். போன புதன் மக்களவையில் பேசியது. யாரோ அடியில் வயலின் சேர்த்திருக்கிறார்கள்.

என் தொகுதியில், கோபி ஊருக்கு மேலே இருக்கிற மலை ஊர்களைப் பற்றிய பேச்சு. காலங்காலமாக உழுகிற நிலத்துக்கு அவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பிள்ளைகளுக்கு சாதிச் சான்றிதழ் இல்லை. 'உன் பாட்டன் இங்கேதான் இருந்தான் என்பதற்கு நிலப் பத்திரம் காட்டு' என்கிறார்கள். சான்றிதழ் இல்லாததால் கல்லூரி இல்லை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உதாரணத்துக்கு ராஜேஸ்வரி. நர்சிங் சீட் கிடைத்தும், கடைசி நாளுக்குள் சான்றிதழ் வராமல் சீட்டை இழந்த பெண். கோபியில் என் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தபோது சொன்னாள்.

நான் எழுதி எடுத்துப்போன தாளில், 'அவள் தந்தை சித்தன் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்' என்றுதான் இருந்தது. அவையில் யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் போனில். நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி. அப்போது சொன்னேன்: "அந்தத் தந்தை, சித்தன், அதிகாரியின் காலில் விழுந்தார். நெற்றி தரையில் பட அழுதார்."

எதிர் வரிசையில் ஒருவர் மொழிபெயர்ப்பு கேட்கும் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார். பிறகு இன்னொருவர். அவை அடங்கியது. அமைச்சரே எழுந்து, அறிக்கை கேட்பதாகச் சொன்னார்.

இன்று திரையில் அந்த இடம் வந்தபோது கல்லூரி முதல்வர் அம்மா கண்ணைத் துடைத்தார். கீழே இறங்கியதும் ஒரு மாணவி: "மேம், சித்தன் சீன்ல அழுதுட்டேன் மேம்."

சீன். செல்ஃபிக்குச் சிரித்தேன்.

ஞாயிறு, ஆக. 3

காற்று. கொடியில் துணி நிற்கவில்லை.

ராஜேஸ்வரி வந்தாள். இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் கம்பெனியில் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை. ஞாயிறு லீவு. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். காப்பி போடச் சொன்னேன். உதவியாளர் சேவியரைக் கூப்பிட்டு, "ரெண்டு போட்டோ எடுங்க, ஃபேஸ்புக் பக்கத்துல போடலாம்" என்றுகூடச் சொன்னேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கம்மா, எங்கப்பன் கால்ல உழுந்தாருன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"நீதானே கண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"நாஞ் சொல்லலீங்க. வெறுங்கையோட வந்துட்டாருன்னுதானுங்க சொன்னேன்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். சத்தம் உயர்த்தாமல், என்னைப் பார்க்காமல். ஆபீசில் அந்த அதிகாரி, "இப்படி நிமுந்து நின்னு கேட்டாக் குடுத்துருவாங்களா? உழுந்து கேளு" என்றிருக்கிறான். சித்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதோடு தேதி முடிந்தது. சீட் போனது.

"ஊட்டுல பெரிய சண்டைங்க. நான் ரொம்ப நாள் அப்பங்கூடப் பேசலீங்க. ஒருக்கா உழுந்து எந்திரிச்சிருந்தா நான் காலேஜு போயிருப்பேனுங்களே. அப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தேன். சீட்டு போனாப் போகுது, எங்கப்பன் நிமுந்து வந்தாருல்லன்னு, அதையே புடிச்சுக்கிட்டு இருந்தேனுங்க."

நிறுத்தினாள். காப்பியில் ஆடை படிந்திருந்தது.

"இப்ப டீக்கடையில பசங்க, 'என்ன சித்தண்ணா, டெல்லி வரைக்கும் உழுந்துட்டீங்களாமா'ங்கறாங்களாம். ரேசனுக்குக்கூட அம்மாதான் போகுது."

உணர்ச்சிவசத்தில் வந்துவிட்டது என்றேன். "செரிங்க" என்றாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன்.

சேவியர் போனைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் நின்றிருந்தார். கண்ணால் போகச் சொன்னேன். அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

திங்கள், ஆக. 4

டெல்லி போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. காய்ச்சல் இல்லை.

மோட்டார் ஆள் வந்தான். வாஷர்தான் என்றான்.

காலை முழுக்க யோசித்தவை:
மொழிபெயர்ப்பில் தவறு என்று சொல்லலாம். (பேசியதே தமிழில்.)
பொதுவாகச் சொன்னது, ஒருவரைக் குறிப்பிட்டு அல்ல. (பேரைச் சொல்லியிருக்கிறேன்.)
பேசாமல் இருந்தால் அடுத்த வாரம் மறந்துவிடும். (டீக்கடையில் மறக்காது.)
எனக்குக் கொடுத்த குறிப்பில் பிழை.

கடைசியை யோசித்ததோடு விடவில்லை. சேவியரிடம் கேட்டேன். "குறிப்புலயே அப்படித்தான் இருந்துச்சோ?"

நான் எழுதியதை டைப் செய்தவர் அவர்தான். என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, "இருந்திருக்கலாமுங்கம்மா. வேணும்னா என்ர தப்புன்னே சொல்லிக்கலாமுங்க" என்றார்.

உடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டேன். படுத்தேன். சாயங்காலம்தான் கூப்பிட்டு, "அப்படியெல்லாம் இல்ல சேவியர், நான் சொன்னதுதான்" என்றேன். "தெரியுமுங்க" என்றார். நடுவில் போன அந்தப் பகல் முழுக்க அவர் என்ன நினைத்திருப்பார்? வேலையை நினைத்திருப்பார். பெண்ணின் கல்யாணத்தை நினைத்திருப்பார். முந்தின நாள்தான் சர்ச்சில் பூசைக்குப் போய் வந்த மனுஷன்.

ஒரு பொய்யை ஒரு மலைக்காரன் தலையில் வைத்தேன். அடுத்ததை இவர் தலையில் வைக்கப் பார்த்தேன்.

செவ்வாய், ஆக. 5. மலை

காரில் கட்சிக் கொடியைக் கழற்றச் சொன்னேன். சத்தி தாண்டி மழை. மேலே ரோடு முடிகிற இடத்திலிருந்து நடை. செருப்பில் சேறு. சேவியரைக் கீழேயே இருக்கச் சொன்னேன்.

சித்தன் ராகிக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தார். ஒல்லி. என்னைவிட உயரம். முகத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த முகத்தைத்தான் நாடு முழுக்கத் தரையில் தேய்த்திருக்கிறேன்.

"வாங்க" என்றார். கட்டில் போட்டார். அவர் நின்றார். பாலில்லாத வரட்டீ வந்தது.

நிலத்தைப் பற்றிக் கேட்டேன், பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல். அந்தப் பலாமரத்திலிருந்து ஓடை வரைக்கும் என்று கை காட்டினார். அளக்க இரண்டு தடவை வந்தார்களாம். அப்புறம் வரவில்லையாம். யானை இறங்கினால் அவரைக் கொடியில் ஒன்றும் மிஞ்சாதாம். சாதாரணமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு சொன்னேன். "நீங்க கால்ல விழுந்ததா நான் சொன்னது பொய்ங்க. யாரும் என்கிட்ட அப்படிச் சொல்லல. நானா சொன்னது. மன்னிச்சுக்குங்க."

அவர் கையிலிருந்த களையை வேர் மண் போக உதறினார்.

"அங்க எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க" என்றார். "இங்க வந்து என்ர காதுல சொல்றீங்க."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் கட்டிலில். டீ ஆறியது.

இறங்கும்போது ராஜியின் அம்மா பின்னாலேயே வந்தார். ஒரு பையில் அவரைக்காய். வேண்டாம் என்றும் கையில் திணித்தார். சித்தன் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும்:

"ஏனுங்க, நீங்க சொன்னது பொய்யாப் போச்சேன்னுதான் எனக்கு வெசனம்."

புரியவில்லை.

"அந்த மனுசன் அன்னைக்கு உழுந்திருந்தா எம்புள்ள இந்நேரம் ரெண்டாம் வருசம் படிச்சிருக்குமுங்க. அவருக்கு அவுரு மானம். எனக்கு எம்புள்ள. இதை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

பையோடு கீழே இறங்கினேன். வண்டியில் சேவியர் ஹீட்டரைப் போட்டார்.

புதன், ஆக. 6. டெல்லி

இங்கே புழுக்கம். குவார்ட்டர்ஸில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. அவரைக்காயைப் பையோடு கொண்டுவந்துவிட்டேன், ஏன் என்று தெரியாமல். சமையல்காரம்மா பொரியல் செய்தார். சாப்பிட முடியவில்லை.

அவையில் தன்னிலை விளக்கம் தர அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். எப்படியோ தெரிந்து, கட்சிக் கொறடா கூப்பிட்டார். நல்ல மனிதர். என்னைவிட வயதில் மூத்தவர். கத்தவில்லை.

"அம்மா, அமைச்சர் அறிக்கை கேட்டிருக்கார். எத்தனையோ பேர் முட்டிப் பாத்துட்டாங்க, இப்பத்தான் ஒரு கதவு திறந்திருக்கு. நீங்க போய் அது பொய்னு சொன்னா, மத்ததும் பொய்னு மூடிடுவாங்க. அத்தனை ஊருக்குப் பட்டா வேணுமா, ஒருத்தரோட மானம் வேணுமா?"

நிலமும் மானமும் ஒன்று என்று ஒவ்வொரு மேடையிலும் பேசி ஓட்டு வாங்கியவள் நான். அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொல்வதில் பாதி நியாயம். அதைவிட, அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் கவனித்தேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

வியாழன், ஆக. 7

நாளை பேச அனுமதி வந்தது. எழுதினேன், அடித்தேன். எல்லாவற்றிலும் 'உணர்ச்சி மிகுதியால்', 'கவனக்குறைவால்'. கடைசியில் சேவியரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"அம்மா, 'பொய்'னே போட்டுருங்க. மத்தது எதுவும் அவரு ஊருக்குப் போய்ச் சேராதுங்க."

போட்டேன்.

கொறடாவுக்கு மெசேஜ்: 'நாளை பேசுகிறேன். மன்னிக்கவும்.' பார்த்ததற்கு நீல டிக்.

வெள்ளி, ஆக. 8

மதிய உணவுக்குக் கொஞ்சம் முன் அழைத்தார்கள். பாதி இருக்கைகள் காலி. என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வெளியே போனார், வேண்டுமென்றேதான்.

தாளைப் பார்த்தே படித்தேன். இத்தனை வருடம் வகுப்பெடுத்தும்.

"என் தொகுதியின் மலை ஊரைச் சேர்ந்த சித்தன் என்பவர் அதிகாரியின் காலில் விழுந்ததாகச் சென்ற வாரம் இந்த அவையில் சொன்னேன். அது பொய். அந்தப் பொய் என்னுடையது. விழச் சொன்னார்கள். சித்தன் யார் காலிலும் விழவில்லை. விழாததால் அவர் மகள் சீட்டை இழந்தாள். பட்டா இல்லை, சான்றிதழ் இல்லை என்று நான் சொன்ன மற்றவை உண்மை. என் பொய்யால் அவற்றைத் தள்ளிவிட வேண்டாம்."

யாரும் ஹெட்போனை எடுக்கவில்லை. அடுத்த பெயரை அழைத்தார்கள்.

வெளியே டிவிக்காரர்கள் மட்டும் சரியாகக் கேட்டிருந்தார்கள். "மேடம், அப்ப மொத்தமும் ஜோடனையா?"

கொறடா எதிரே வந்தார். வணக்கம் வைத்தேன். தலையை மட்டும் அசைத்தார்.

சனி, ஆக. 9. பீளமேடு

பேப்பரில் என் படம், 'நாடாளுமன்றத்தில் பொய்: ஒப்புக்கொண்ட எம்.பி.' கீழே எழுதியிருப்பதில் பட்டா என்ற சொல்லே இல்லை.

கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து விழா வீடியோவை எடுத்துவிட்டார்கள். அடுத்து திருப்பூரில் நடக்கவிருந்த பாராட்டு விழாவின் அமைப்பாளர், "தேதி மாத்தி வெச்சுக்கலாமுங்க மேடம்" என்றார். எந்தத் தேதிக்கு என்று நான் கேட்கவில்லை.

அமைச்சர் அலுவலகத்துக்கு சேவியர் போன் போட்டார். அறிக்கை 'பரிசீலனையில்' என்றார்களாம். போன வாரம் 'அவசரம்' என்றவர்கள்.

கொறடா சொன்னது நடக்கிறது. அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது? சித்தன் முகத்துக்கு அஞ்சி இவரிடம் போய் மாட்டிக்கொண்டேன். வெட்கம் குறையவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. முதலில் ஒரு குடும்பத்துக்கு முன். இப்போது அந்த மலை ஊர்கள் அத்தனைக்கும் முன்.

ஆனாலும் நேற்றுப் பேசியதை மாற்ற மாட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க.

ஞாயிறு, ஆக. 10

மழை விட்டு வெயில். மெத்தைகளை மாடியில் காயப்போட்டோம்.

மத்தியானம் ராஜி போன். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு, இறங்கும் பஸ்ஸிலிருந்து பேசினாள். மேலே டவர் கிடையாது. அவள்தான் என் பேச்சைப் போனில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறாள்.

"டீக்கடையிலயே போட்டுக் காட்டிப்போட்டேனுங்க. சத்தமா வெச்சு. எல்லாரும் பாத்தாங்க."

"அப்பா?"

"அப்பனும் வந்திருந்தாருங்க. நின்னுக்கிட்டே பாத்தாரு."

"என்ன சொன்னார் கண்ணு?"

பஸ் சத்தம். யாரோ சில்லறை கேட்கிறார்கள்.

"ஒருக்கா பாத்துப்போட்டு, திரும்பவும் போடச் சொன்னாருங்க. அப்பறம்..." தயங்கினாள். "'செரி, அந்தம்மா சொல்லிருச்சு. சின்னவளுக்கு அடுத்த வருசம் பன்னெண்டாவது முடியுது. சான்றிதழ் எப்பக் குடுப்பாங்களாமா, கேளு'ன்னாருங்க."

அவளுக்கு ஒரு தங்கை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

"தெரியலை சாமி" என்றேன். 'சீக்கிரம் கிடைத்துவிடும்' என்று வாய் வரை வந்ததைச் சொல்லவில்லை.

"செரிங்கம்மா. தெரியலைன்னாங்கன்னே சொல்லிப்போடறேன்."